241 மணி நேரம்: வடசென்னைச் செவிலியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளம்

2025 ஆகஸ்ட் மாதத்துச் சம்பளச் சீட்டு ஒன்றும், அதே மாதத்தின் டூட்டி ரோஸ்டர் என்னும் பணிநேர அட்டவணையைக் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றும் இந்த ஆய்வுக்கு ஆதாரம். இரண்டும் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த 26 வயதுச் செவிலியர் ஒருவருடையவை. மூன்றாவதாக ஓர் ஆதாரமும் உண்டு. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போன உள்ளங்கை அளவு டைரி அது. அதில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே, தான் வார்டுக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் அவர் நீல மையில் குறித்து வைத்திருக்கிறார். அப்படிக் குறிக்கச் சொன்னவள் நான்.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் பணியாற்றி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். செவிலியர் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், மாதத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு அது போதும் என்று சிலரும் போதாது என்று சிலரும் வாதாடுவதை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறேன். அந்தத் தொகை எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை நோயாளிகளுக்கு என்று கேட்பவர் அரிது. சம்பளச் சீட்டையும் ரோஸ்டரையும் அருகருகே வைத்துப் படித்தால் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியதால், அவருடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

அவருடைய தந்தை துறைமுகக் கன்டெய்னர் லாரி ஓட்டி, முதுகுவலியால் வேலையை விட்டவர். தாய் வாசலில் காலை இட்லி வியாபாரம் செய்கிறார். இந்தச் செவிலியர் தனியார் கல்லூரி ஒன்றில் 4 ஆண்டு பி.எஸ்.சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டு, 2023 ஜூன் மாதம் வடசென்னையில் 45 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் 13,500 ரூபாய்க்குச் சேர்ந்தார். படிப்புக்காக வாங்கிய கல்விக் கடன் 2,50,000 ரூபாய். பத்தரை சதவீத வட்டியில் 7 ஆண்டுத் தவணையாக மாதம் 4,215 ரூபாய் கட்டிவருகிறார்.

சம்பளச் சீட்டு

ஆகஸ்ட் மாதச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 9,000, வீட்டு வாடகைப்படி 3,600, சிறப்புப் படி 2,400, அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் 1,500 என மொத்தம் 16,500 ரூபாய் இருக்கிறது. பிடித்தங்களில் வருங்கால வைப்பு நிதி 1,080, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு 124, சீருடைச் சலவை 300. கையில் வந்தது 14,996 ரூபாய். கடன் தவணை போக, வீட்டுக்கு 6,000 கொடுத்து, ஷேர் ஆட்டோவுக்கு ஆயிரம் ஒதுக்கினால் மிஞ்சுவது 3,781 ரூபாய். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லைதான். ஆனால் எட்டரை மணிக்கு டூட்டி முடிந்து வெளியே வரும் பெண், எப்போது வரும் என்று தெரியாத பேருந்துக்காக இருட்டில் நிற்பதைவிட ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவதையே விரும்புவாள்.

இந்தச் சீட்டில் இரண்டு வரிகள் என் கவனத்தை ஈர்த்தன. முதலாவது அந்த இன்சென்டிவ். மாதத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் 1,500 ரூபாய் முழுதும் போய்விடும். ஜூலை மாதம் இவருக்குக் காய்ச்சல் கண்டு ஒரு நாள் வரவில்லை. அந்த நாளின் கூலியும் இன்சென்டிவும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 ரூபாய் குறைந்தது. அதற்குப் பிறகு ஆகஸ்டில் தொண்டை வலியுடன், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, இரண்டு முகக்கவசம் அணிந்து வார்டுக்குப் போயிருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் நோயாளிக்குக் கட்டு மாற்றும் கை அது. உடம்பு சரியில்லாத செவிலியரை வீட்டில் இருக்கவிடாத சம்பள முறை நோயாளிக்கும் கேடு என்பதை மருத்துவமனை நடத்துபவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, வைப்பு நிதியை 9,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டிருப்பது. எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரியாகக் கொடுக்கப்படும் சிறப்புப் படியையும் வைப்பு நிதிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அதன்படி 11,400 ரூபாய்க்குப் பிடித்திருந்தால் அவர் பங்கு 1,368 ஆகும், நிர்வாகமும் அவ்வளவே செலுத்த வேண்டியிருக்கும். நிர்வாகத்துக்கு மிச்சம் மாதம் 288 ரூபாய். சிறிய தொகைதான். ஆனால் சம்பளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதற்கான காரணத்தை அந்த 288 ரூபாய் காட்டிக்கொடுக்கிறது.

ரோஸ்டரும் டைரியும்

அந்த மருத்துவமனையில் காலை டூட்டி 8 முதல் 2.30 வரை, மாலை டூட்டி 2 முதல் 8.30 வரை, நைட் டூட்டி இரவு 8 முதல் காலை 8.30 வரை. ஆகஸ்ட் மாதம் அவருக்கு 9 காலை, 8 மாலை, 8 நைட் என 25 டூட்டிகள். மீதி 6 நாட்களில் வார விடுமுறை 4, நைட் டூட்டிக்குப் பிறகு ஓய்வாகத் தரும் நைட் ஆஃப் 2. ரோஸ்டரின்படி இவை 210 மணி 30 நிமிடம். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி என்று எல்லோரும் போடும் கணக்கில் 208 மணி வருகிறது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

டைரி வேறு கணக்குச் சொல்கிறது. அந்த மாதத்தில் 3 நாட்கள், மாலை டூட்டிக்கு வர வேண்டியவர் வராததால் காலையில் வந்தவரே இரவு எட்டரை வரை இருந்திருக்கிறார். அந்த டபுள் டூட்டியில் கூடுதலான நேரம் 18 மணி. அதற்குப் பணம் இல்லை, பதிலுக்கு விடுப்பாக ‘காம்ப் ஆஃப்’ தருவதாகச் சொன்னார்கள். அது செப்டம்பரிலும் வரவில்லை. அடுத்தது ஹேண்டிங் ஓவர். செவிலியர் தன் இடத்துக்கு இன்னொருவர் வந்து, ஒவ்வொரு படுக்கையாகக் கேஸ் ஷீட்டைக் காட்டி, எந்த ட்ரிப்ஸ் எத்தனை மணிக்கு முடியும், யாருக்கு எந்த ஊசி பாக்கி, யார் சிறுநீர் கழிக்கவில்லை என்று ஒப்படைத்த பிறகே வெளியேற முடியும். மாற்றுச் செவிலியருக்குத் தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு. கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டால், சரக்கு ரயில் போய் முடியும்வரை அவர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். டைரியில் ‘8.55’, ‘9.05’, ‘2.50’ என்று இருக்கும் வெளியேறும் நேரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் காரணம். சராசரியாக ஒரு டூட்டிக்கு அரை மணி வீதம் 25 டூட்டிகளுக்கு 12 மணி 30 நிமிடம்.

எல்லாவற்றையும் கூட்டினால் 241 மணி நேரம். 16,500 ரூபாயை 241-ஆல் வகுத்தால் மணிக்கு 68 ரூபாய் 46 காசு. கையில் வந்த தொகையை வகுத்தால் 62 ரூபாய் சொச்சம். நாங்கள் இருவரும் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டோம். கைப்பேசிக் கால்குலேட்டரில் எண்ணைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, “பெரியம்மா, எங்க வீட்டுக்கு பைப்பு ரிப்பேர் பண்ண வந்தவரு அரை மணி நேரத்துக்கு முந்நூறு வாங்கினாரு, அவருகூட நான் பேரம் பேசலையே” என்றார்.

நியாயமான கணக்கு எப்படி இருந்திருக்க வேண்டும் என்றும் பார்த்தோம். 208 மணிக்கு 16,500 என்றால் மணிக்கு 79 ரூபாய் 33 காசு. அந்த மாதத்தில் நடைமுறையில் இருந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் பட்டியலிடப்பட்ட தொழில்களில் மருத்துவமனைப் பணியும் ஒன்று. அந்த ஏற்பாட்டில் மிகைநேரத்துக்கு இரு மடங்கு கூலி. கூடுதலாகச் செய்த 33 மணி நேரத்தை இந்த வீதத்தில் இரு மடங்காகப் பெருக்கினால் 5,236 ரூபாய் வருகிறது. ஒரே மாதத்தில், ஒரே செவிலியர் வாங்காமல் விட்ட தொகை இது.

நேரத்தைப் போலவே நோயாளிகளின் எண்ணிக்கையும் சீட்டில் தெரியாது. அவருடைய வார்டில் 18 படுக்கைகள். காலையில் இரண்டு செவிலியர், மாலையிலும் இரவிலும் ஒருவர், உடன் ஓர் உதவியாளர். பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். வார்டில் 15 பேர் படுத்திருந்த ஒரு நைட் டூட்டியை அவர் எனக்கு மணிவாரியாகச் சொன்னார். பத்து மணிக்கு எல்லோருக்கும் இரவு மருந்து. பதினொன்றரைக்கு, டெங்குக் காய்ச்சலில் வந்த ஆறு வயதுப் பையனின் கையில் ட்ரிப்ஸ் ஏற்றப் போட்டிருந்த கேனுலா குழாயின் இடம் வீங்கிவிட்டதால் அதை எடுத்துவிட்டு, அழுத பிள்ளையை அவன் பாட்டி பிடித்துக்கொள்ள மறு கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றியிருக்கிறார். இரண்டு முறை நரம்பு நழுவி, மூன்றாவது முறை ஏறியது. அந்த நேரத்திலேயே ஆறாம் படுக்கையில் காசிமேட்டுப் பெரியவர் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்து நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. உதவியாளருக்கு ஆக்சிஜன் ஃப்ளோ மீட்டர் பார்க்கத் தெரியாது. இவர் கேனுலாவைப் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டு ஓடியிருக்கிறார். ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேநீரை நான்கு மணிக்குத் திறந்தபோது அது ஆறிப்போயிருந்தது. காலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது புறங்காலில் வார் பதிந்த தடம் வெள்ளைக் கோடாக இருந்ததை நானே பார்த்தேன். அந்த இரவுக்கு அவருக்குக் கிடைத்த கூலி, மேலே சொன்ன வீதத்தில், 12 மணி 30 நிமிடத்துக்கு 856 ரூபாய். 15 நோயாளிகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு 57 ரூபாய்.

எதோடு ஒப்பிடுவது

தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நிலை குறித்து இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று, இதை ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழுவின் பரிந்துரை எளிமையானது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அதே நிலையில் உள்ள மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்கும் குறைவான இடத்தில் எப்படியும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. விடுப்பு, பணிநேரம் முதலியவையும் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் குழு சொன்னது. மத்திய அரசு அதை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது.

நம் செவிலியரின் மருத்துவமனையில் 45 படுக்கைகள். ஆகவே கடைசி வரி அவருக்கு உரியது. 2016-இல் சொன்ன 20,000 ரூபாய்க்கு, 9 ஆண்டுகள் கழித்து, 3,500 ரூபாய் குறைவாக வாங்குகிறார். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொண்டால் அந்த 20,000 இன்று 31,000 ரூபாய்க்குச் சமம். பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கும்வரை எந்த நிர்வாகத்தையும் அது கட்டுப்படுத்தாது. மாநில அரசு அதைக் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாக்கினால்தான் பலன் உண்டு. கேரளத்தில் செவிலியர்கள் 2017-இல் நடத்திய பெரும் போராட்டத்துக்குப் பிறகு, 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவிக்கப்பட்டது.

அரசுப் பணியோடு ஒப்பிடும்போதுதான் என் நெஞ்சு உறுத்துகிறது. மத்திய அரசு மருத்துவமனைகளில் செவிலியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்கு எதிரே பேருந்துக்காக நிற்கும் தனியார் மருத்துவமனைச் செவிலியர், உள்ளே வேலை பார்ப்பவரின் அடிப்படைச் சம்பளத்தில் பாதியைக்கூட எட்டாதவராக இருக்கலாம். இருவரும் படித்த பாடத்திட்டமும் இருவரிடமும் உள்ள பதிவுச் சான்றிதழும் ஒன்றே.

ஆனால் அரசு என்றால் எல்லோருக்கும் நல்ல சம்பளம் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் போட்டித் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்குப் படிகளும் ஆண்டு உயர்வும் உள்ள காலமுறைச் சம்பளம் தரப்படவில்லை, மாதம் 7,700 ரூபாய் என்ற ஒரே தொகையான தொகுப்பூதியம்தான் தரப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாவோம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பர் இறுதியில் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் இரவும் பகலும் உட்கார்ந்து போராடினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே பணிக்குத் திரும்பினார்கள். தொகுப்பூதியம் பிறகு 14,000 ஆகி, 18,000 ஆனது. கொரோனா காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்டு, கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து வேலை பார்த்த தற்காலிகச் செவிலியர்கள் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டதும் நமக்குத் தெரியும்.

எங்கள் வார்டுக்கும் 7,700 ரூபாய்ச் செவிலியர்கள் வந்தார்கள். ரோஸ்டர் எழுதியவள் நான். நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் குழந்தைக்குத் தேர்வு, மாமியாருக்கு உடல்நலமில்லை என்று சொல்லி நைட்டை மாற்றித் தரும்படி கேட்பார்கள். தொகுப்பூதியப் பெண்கள் எதுவும் கேட்க மாட்டார்கள், பயம். ஆகவே கூடுதல் நைட்கள் அவர்கள் பெயருக்கு எதிரே விழுந்தன, எழுதிய பேனா என்னுடையது. ஒரே மேசையில் ஒரே மருந்துச் சீட்டைப் பார்த்து இருவரும் ஒரே ஊசியை எடுத்தார்கள், அதில் ஒருவருக்கு மற்றவரைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் சம்பளம். நான் அன்று அதைத் தவறு என்று சொல்லவில்லை. இன்று எங்கள் தெருப் பெண்ணுக்காக இந்தக் கணக்கைப் போடும்போது, அந்த ரோஸ்டர் நோட்டும் நினைவுக்கு வருகிறது.

நிர்வாகத்தின் பக்கம்

மருத்துவமனையின் உரிமையாளரும் ஒரு மருத்துவர். இரவில் அவசரம் என்றால் அவரே வந்து நிற்பவர் என்று அந்தப் பெண்ணே சொல்கிறார். குறைந்த சம்பளத்துக்கு உரிமையாளர் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கிறது. வடசென்னையின் சிறிய மருத்துவமனைக்கு வருபவர்கள் துறைமுகத் தொழிலாளி, மீனவர், கட்டட வேலை செய்பவர், இரும்புக் கடை ஊழியர். இரண்டு லட்சம் ரூபாய் பில் போட்டால் கட்ட முடியாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் செய்யும் சிகிச்சைக்குத் தொகுப்புக் கட்டணம் குறைவு, அதுவும் தாமதமாகவே வருகிறது. கட்டட வாடகை, மின்கட்டணம், ஜெனரேட்டர் டீசல், மருத்துவக் கழிவு அகற்றும் செலவு எதுவும் நிற்காது.

இவற்றை ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எங்கள் தெருவில் ஒருவர் அதே வார்டில் 4 நாள் இருந்துவிட்டு வந்தார், அவருடைய பில்லைப் பார்த்தேன். படுக்கை வாடகை, மருத்துவர் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே ‘நர்சிங் சார்ஜ்’ என்று தனி வரி, நாளொன்றுக்கு 350 ரூபாய். 18 படுக்கைகளில் சராசரியாக 14 நிரம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 31 நாட்களுக்கு அந்த ஒரு வரியில் மட்டும் வருவது 1,51,900 ரூபாய். அந்த வார்டை நடத்த 5 செவிலியர் தேவை, அத்தனை பேர்தான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் 16,500 வீதம் 82,500, நிர்வாகம் கட்டும் வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் சேர்த்தால் ஏறத்தாழ 91,000. மூன்று உதவியாளர்களுக்கு 30,000 என்று கூட்டினாலும் 1,21,000-க்குள் முடிகிறது. நோயாளி ‘நர்சிங்’ என்று கொடுத்த பணத்தில் சுமார் 31,000 ரூபாய் செவிலியரைச் சேராமல் நிற்கிறது. ஐந்து பேருக்கும் 20,000 ரூபாய் கொடுக்க, நிர்வாகப் பங்குத் தொகைகள் உட்பட, கூடுதலாகத் தேவைப்படுவது 21,000-க்குள்.

படுக்கைகள் அவ்வளவு நிரம்பாத மாதங்களும் உண்டு, எல்லோரிடமும் பில்லை முழுதாக வசூலிக்கவும் முடியாது. அந்தத் தள்ளுபடியை எல்லாம் கணக்கில் கொண்டாலும், ‘கொடுக்க வழியில்லை’ என்ற பதிலை இந்த எண்களை வைத்துக்கொண்டு என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் குறைவாகக் கொடுக்க முடிகிறது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. வெளிநாடு போக விரும்பும் செவிலியருக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும். ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து வெளியே வருபவர்கள் எங்காவது இரண்டு ஆண்டு இருந்துவிட்டால் போதும் என்று வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் போனால் அடுத்தவர் 13,500-க்கு வருவார். போகாமல் தடுக்கவும் ஏற்பாடு உண்டு. சேரும்போது மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டு வேலையை விட மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குகிறார்கள். நம் செவிலியரின் பதிவுச் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் மருத்துவமனை அலமாரியில் இருந்தன. 2 ஆண்டு முடிந்த பிறகும் திருப்பித் தரவில்லை. கல்விச் சான்றிதழ் அடகு வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் 23 வயதில் முதல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் முதல் நாளே அதைச் சொல்லும் துணிவு வராது.

நடந்தது

செப்டம்பர் மாதம் அந்த வார்டின் 5 செவிலியர்களும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். வாசகத்தைத் திருத்திக் கொடுத்ததோடு என் பங்கு முடிந்தது. வேலைநிறுத்தம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தருவது, டபுள் டூட்டிக்குப் பணம், இன்சென்டிவைச் சம்பளத்தோடு சேர்ப்பது, நைட் டூட்டியில் இரண்டாவது செவிலியர், 20,000 ரூபாய்ச் சம்பளம் என்று ஐந்து கோரிக்கைகள். டைரியின் ஆகஸ்ட் மாதப் பக்கங்களின் நகலையும் நர்சிங் சார்ஜ் கணக்கையும் இணைத்தார்கள். முதலில் நர்சிங் சூப்பிரண்ட் அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, யார் எழுதிக் கொடுத்தது என்று விசாரித்தார். ஐந்து பேரும், “நாங்களேதான் மேடம் எழுதினோம்” என்றே சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரம் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் தொழிலாளர் துறைக்கும் நகல் அனுப்பலாமா என்று கேட்ட பிறகு பேச்சுக்கு அழைத்தார்கள்.

அந்தப் பேச்சில் உரிமையாளர் சொன்ன ஒரு வாக்கியத்தை அந்தப் பெண் அப்படியே எனக்குச் சொன்னார்: “கவர்மெண்ட்டே கான்ட்ராக்ட் நர்ஸுக்குப் பதினெட்டுதான் கொடுக்குது, நான் இருபது எங்கேருந்து கொடுப்பேன்?”

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழுவின் 20,000 அவருக்குத் தெரிந்திருந்தது. கடிதத்திலும் இருந்தது. அதற்கு எதிராக அவர் எடுத்து வைத்தது அரசின் சொந்தத் தொகுப்பூதியம். தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை சொல்லும்போது, எந்த அரசுச் செவிலியருக்கு இணையாக என்ற கேள்வியை நிர்வாகங்கள் தங்களுக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொள்கின்றன. அரசு 7,700 கொடுத்த ஆண்டுகளில் தனியாரில் 6,000 பெரிய சம்பளமாகத் தெரிந்தது, அந்தச் சம்பளத்துக்கு எங்கள் தெருவிலிருந்தே பெண்கள் போனார்கள். தொகுப்பூதியச் செவிலியர் காலமுறைச் சம்பளம் கேட்டுப் போராடும்போது, அது தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று தனியார் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இதுவரை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

முடிவில் ஐந்து பேருக்கும் அக்டோபரிலிருந்து 18,000 ரூபாய் என்று தீர்ந்தது. சொல்லிவைத்தாற்போல் அதே எண். இன்சென்டிவ் சம்பளத்தோடு சேர்க்கப்பட்டது. டபுள் டூட்டி ஒன்றுக்கு 500 ரூபாய் என்று ஒப்புக்கொண்டார்கள், அது சட்டம் சொல்லும் இரு மடங்கில் ஏறத்தாழ பாதி. மூலச் சான்றிதழ்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தரப்பட்டன. அன்று மாலை அவற்றைப் பிளாஸ்டிக் உறையோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பட்டச் சான்றிதழின் ஓரத்தில் துளையிடும் இயந்திரம் பட்டு இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன, கோப்பில் கோத்து வைத்திருக்கிறார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. சம்பளக் கணக்குப் போட்ட அன்று வராத கண்ணீர் அப்போது வந்தது.

அவர் இப்போது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வுக்குப் படிக்கிறார். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் மூலம் ஜெர்மனி போவது பற்றியும் விசாரித்து வைத்திருக்கிறார். தாயை விட்டுப் போக மனம் இல்லை என்கிறார். டைரி எழுதுவதை நிறுத்தவில்லை, மற்ற நால்வரும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணிநியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால், அதைக் கேட்டு அடுத்த கடிதம் எழுத இருக்கிறார்கள்.

நவம்பர் மாதக் கணக்கையும் நாங்கள் போட்டுப் பார்த்தோம். டபுள் டூட்டி இல்லை. மொத்தம் 219 மணி நேரம், சம்பளம் 18,000, மணிக்கு 82 ரூபாய் 19 காசு. ஹேண்டிங் ஓவர் நேரத்துக்கு இன்னும் கூலி இல்லை. நைட் டூட்டிக்கு இரண்டாவது செவிலியர் என்ற கோரிக்கையை ‘ஆள் கிடைத்ததும் பார்க்கலாம்’ என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் ரோஸ்டரிலும் இரவுக் கட்டத்தில், 18 படுக்கைகளுக்கு, ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறது.